கடற்கரையில் லகானை இழுத்து ஓடும் குதிரைக்கு எந்த பிட் (வாயில் மாட்டும் கடிவாள இரும்பு)? ஆலோசனை தேவை

வணக்கம் நண்பர்களே. மாதவரத்தில் நிற்கும் குதிரை இது. கிண்டி பந்தயத்தில் ஓடி ஓய்ந்த தரோபிரெட் (பந்தய இனம்), ஆண்மை நீக்கியது. மைதானத்துக்குள் லூஸ் ரிங் ஸ்நாஃபிளில் (பக்க வளையம் தளர்வாகச் சுழலும் சாதாரண பிட்) சொன்னபடி கேட்கிறது. எண்ணூர் கடற்கரை மணலில் கால் வைத்ததும் தலையைத் தாழ்த்தி, பிட் மேல் சாய்ந்து இழுக்கிறது. பந்தயத்தில் லகான் இறுகினால் ஓட வேண்டும் என்றே பழகியிருப்பதால், தொடர்ந்து பிடித்தால் வேகம்தான் கூடுகிறது. பிடித்துப் பிடித்து விட்டால் கொஞ்சம் தணிகிறது.

பல்லை மருத்துவர் பார்த்து ராவிவிட்டார். சேணம் முதுகில் அழுத்தவில்லை. இப்போது வாயில் இருக்கும் அந்த பிட் நடுவில் ஒற்றை மூட்டு உள்ளது, 18 மி.மீ. தடிமன். நாக்கு சதைப்பற்றானது, வாயில் இடம் குறைவு. அதற்கு இது தடிமன் அதிகம். குச்சி வைத்து அளந்தால் வாய் அகலம் 5 அங்குலம்.

முதலில் 14 மி.மீ. இரட்டை மூட்டு ஃபுல் சீக் (இருபுறமும் நீண்ட கம்பி உள்ள ஸ்நாஃபிள்) போடலாம் என்று எண்ணம். போதாவிட்டால் அதைவிடக் கடுமையான கிம்பிள்விக்கா, மூன்று வளைய கேக் (gag) பிட்டா? கிம்பிள்விக்கில் கர்ப் செயின் (தாடைக்குக் கீழே வரும் சங்கிலி) தாடையில் வேலை செய்யும், ஆனால் சாய்கிற குதிரை அதிலும் சாய்ந்து பழகிவிடும். கேக் தலையைத் தூக்க உதவும். இரண்டு லகான் இல்லாமல் அதைப் போட மனமில்லை, ஓய்வே இல்லாமல் உச்சந்தலையில் அழுத்தும்.

முள் பிட் யோசனை வேண்டவே வேண்டாம். இழுவை, சுமை விலங்குகள் வதைத் தடுப்பு விதிகள் 1965-லேயே அது தடை.

மணலில் இந்த இரண்டையும் ஓட்டிப் பார்த்தவர்கள் யாராவது உண்டா? 5 அங்குல கிம்பிள்விக் சென்னையில் எங்கே கிடைக்கும்?