விண்டோஸ் புதிதாகப் போட்டதிலிருந்து லேப்டாப்பில் சத்தமே இல்லை

ஏலக்காய்க் கணக்கு:
வணக்கம். குமுளியிலிருந்து எழுதுகிறேன். என்னிடம் இருப்பது 2013-ல் வாங்கிய லேப்டாப், ஐ3, 4 ஜிபி ராம். மே கடைசியில் ஹார்ட் டிஸ்க் படுத்துவிட்டது. மழையில் மலை இறங்க அலுப்பாக இருந்ததால் இரண்டு மாதத்துக்கு மேல் பீரோ மேலேயே கிடந்தது, அப்புறம்தான் கம்பத்தில் ஒரு கடையில் கொடுத்து எஸ்எஸ்டி மாட்டி விண்டோஸ் 10 போட்டு வாங்கி வந்தேன். பூட் ஆகிற வேகத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டது அரை மணி நேரம்தான். பாட்டு போட்டால் சத்தம் இல்லை. வால்யூம் 100-ல் நிற்கிறது, ஸ்பீக்கர் படத்தில் பெருக்கல் குறியும் இல்லை. கடைக்காரரைக் கேட்டால் "ஸ்பீக்கர் போயிருக்கும், கொண்டு வாங்க, மாத்திடலாம்" என்று 1,200 ரூபாய் சொல்கிறார். டிஸ்க் போகிறவரை நன்றாகப் பாடிக்கொண்டிருந்த ஸ்பீக்கர் பீரோ மேல் சும்மா கிடந்தே போய்விடுமா?

கொழிஞ்சாம்பாறை:
காசைக் கொடுத்துவிடாதீர்கள் அண்ணா. ஸ்பீக்கர் படத்தை ஒருமுறை தட்டுங்கள், சத்தம் எங்கே போகிறது என்று ஒரு பெயர் காட்டும். அங்கே என்ன இருக்கிறது?

ஏலக்காய்க் கணக்கு:
இன்டெல் டிஸ்ப்ளே ஆடியோ என்று ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது.

கொழிஞ்சாம்பாறை:
அதுதான் விஷயம். அது எச்டிஎம்ஐ ஒயர் வழியாக டிவிக்குப் போகிற சத்தம். உங்கள் ஸ்பீக்கரை ஓட்டுவது போர்டில் இருக்கிற வேறு ஒரு சிப், அதற்கு டிரைவர், அதாவது அந்தச் சிப்பை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள், ஏறவில்லை, அதனால் விண்டோஸ் இருக்கிற ஒன்றைப் பிடித்துக்கொண்டு இல்லாத டிவிக்குப் பாடிக்கொண்டிருக்கிறது. டிவைஸ் மேனேஜரைத் திறந்து மஞ்சள் முக்கோணம் போட்டது எது என்று பாருங்கள். அதில் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், டீட்டெய்ல்ஸ், ஹார்டுவேர் ஐடி. வெண்டர் எண் 10இசி என்றிருந்தால் ரியல்டெக், 14எஃப்1 என்றால் கோனெக்ஸன்ட், 111டி என்றால் ஐடிடி. லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணை வைத்து, தயாரித்த கம்பெனியின் தளத்திலேயே முதலில் சிப்செட் டிரைவர், பிறகு ஆடியோ டிரைவர் என்று எடுத்துப் போடுங்கள். அங்கே விண்டோஸ் 8-க்குத்தான் இருந்தாலும் பெரும்பாலும் 10-ல் ஓடிவிடும். எல்லா டிரைவரையும் ஒரே சொடுக்கில் தருகிறேன் என்று சொல்லும் மென்பொருள் பக்கம் மட்டும் போகாதீர்கள், சத்தம் வருகிறதோ இல்லையோ விளம்பரம் வந்துவிடும்.

ஏலக்காய்க் கணக்கு:
10இசி, அடுத்த எண் 0269. சொன்ன மாதிரியே போட்டு ரீஸ்டார்ட் செய்தேன். இப்போது ரியல்டெக் என்று பெயர் வந்துவிட்டது, பாட்டு ஓடும்போது பச்சைக் கோடும் ஏறி இறங்குகிறது. ஆனால் ஸ்பீக்கர் அதே ஊமைதான்! ஹெட்போன் மாட்டினால் அருமையாகக் கேட்கிறது. கடைக்காரர் சொன்னதுதான் சரியோ?

செங்கோட்டை மாமா:
அவசரப்படாதீங்க தம்பி. ஹெட்போனில் கேட்கிறது என்றால் சிப்பும் டிரைவரும் நன்றாக இருக்கின்றன என்று அர்த்தம். மிச்சம் இருப்பது மூன்று: ஸ்பீக்கரே போயிருக்கலாம், டிஸ்க் மாற்றத் திறந்தபோது ஸ்பீக்கர் ஒயரைத் திரும்பச் செருக மறந்திருக்கலாம், இல்லை என்றால் ஹெட்போன் ஓட்டை. எனக்குச் சந்தேகம் மூன்றாவது மேல்தான். அந்த ஓட்டைக்குள் ஒரு குட்டி ஸ்விட்ச் இருக்கும், பின் உள்ளே போனதும் அது சிப்புக்குத் தகவல் சொல்லும், உடனே ஸ்பீக்கர் அணைந்துவிடும். நீங்கள் குமுளி மழையில் இரண்டு மாதம் பீரோ மேல் போட்டு வைத்தேன் என்கிறீர்கள். அந்த ஈரத்தில் தோல் செருப்பே பூத்துப்போகும், மெல்லிய தகடு எந்த மூலைக்கு? அது ஒட்டிக்கொண்டால் எப்போதும் ஹெட்போன் மாட்டியிருப்பதாகவே லேப்டாப் நினைத்துக்கொள்ளும்.

நிச்சயம் செய்ய ஒரு வழி உண்டு. விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்டைப் பென்டிரைவில் ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமல் அப்படியே ஓட்டுங்கள். எதையும் மாட்டாதபோதே சவுண்ட் செட்டிங்கில் ஹெட்போன் என்று காட்டினால் ஆள் அகப்பட்டான். அடுத்து டெர்மினலில் அல்சாமிக்சர் (alsamixer) என்று சிறிய எழுத்தில் சேர்த்து அடித்து, எஃப்6 அழுத்தி எச்டிஏ இன்டெல் பிசிஎச் கார்டைத் தேர்ந்தெடுத்து, வலது அம்பில் ஓரம் வரை போனால் ஆட்டோ மியூட் மோட் என்று இருக்கும். அதை டிசேபிள்ட் ஆக்குங்கள். உடனே பாடினால் ஸ்பீக்கரும் ஒயரும் நலம். பாடவில்லை என்றால் திறந்து ஒயரைப் பார்க்க வேண்டியதுதான்.

ஏலக்காய்க் கணக்கு:
மாமா, லினக்ஸ் என்றதும் எனக்குக் கையெல்லாம் நடுங்கியது. ஒன்பதாம் வகுப்பு படிக்கிற மகள் "இது ஸ்கூல்ல இருக்கிறதுதானேப்பா" என்று பிடுங்கிக்கொண்டாள். இங்கே கேரள அரசுப் பள்ளியில், பள்ளிக் கணினிகளைக் கவனிக்கும் அரசு நிறுவனமான கைட் தந்த உபுண்டு வழி லினக்ஸில்தான் பாடம் நடக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. எதையும் மாட்டாதபோதே ஹெட்போன் என்றுதான் காட்டியது. அந்த ஆட்டோ மியூட்டை அணைத்தாள் பாருங்கள், வால்யூம் 100-ல் இருந்ததை யாரும் கவனிக்கவில்லை, வீடே துள்ளிவிட்டது.

செங்கோட்டை மாமா:
நல்ல பிள்ளை. இப்போது லேப்டாப்பை அணைத்து, சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றுங்கள். எலக்ட்ரானிக்ஸ் கடையில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வாங்கி, பழைய ஹெட்போன் பின்னை அதில் லேசாக நனைத்து, சொட்டாதபடி உதறிவிட்டு, இருபது முறை செருகிச் சுழற்றி எடுங்கள். அரை மணி காயவிட்டுப் போடுங்கள். தேங்காய் எண்ணெய் விடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், வேண்டாம்.

ஏலக்காய்க் கணக்கு:
விண்டோஸிலும் ஸ்பீக்கர் பாடுகிறது!! மூன்றாம் நாள் நல்ல மழையில் ஒருமுறை மறுபடி அடைத்துக்கொண்டது, பின்னைச் செருகி எடுத்ததும் திறந்துகொண்டது.

கொழிஞ்சாம்பாறை:
திரும்பத் திரும்ப வந்தால் அந்த ஜாக்கை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். சின்னச் சாமான், சால்டரிங் தெரிந்தவர் போதும், ஸ்பீக்கர் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இன்னொன்று, விண்டோஸ் 10-க்கு வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது, உங்கள் ஐ3 விண்டோஸ் 11-க்குத் தகுதிப் பட்டியலிலேயே கிடையாது. 4 ஜிபி ராமுக்கு மின்ட் தாங்கும், யோசித்துப் பாருங்கள்.

ஏலக்காய்க் கணக்கு:
என் கணக்கு மென்பொருள் விண்டோஸில்தான் ஓடும், அதனால் நான் இதிலேயே இருக்கிறேன். பென்டிரைவைத்தான் மகள் திருப்பித் தர மாட்டேன் என்கிறாள்.