லாபம் இருக்கிறது, சனிக்கிழமை சம்பளத்துக்குப் பணம் இல்லை: உங்கள் தொழிலில் எப்படி?

பகுதிநேரக் கணக்காளர், திருப்பூர்

பனியன் கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுக்கும் சின்ன ஜாப் ஒர்க் யூனிட்டுகள் சிலவற்றுக்குக் கணக்கு எழுதுகிறேன். இங்கே தையல்காரர்களுக்கு வாரச் சம்பளம், சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே கேள்விதான்: "லாபம்னு எழுதிக் காட்டுறீங்களே, அது எங்கீங்க இருக்கு?"

நியாயமான கேள்வி. ஒரு யூனிட்டின் கணக்கையே சொல்கிறேன், தொகைகளை மட்டும் முழு எண்ணாக்கியிருக்கிறேன். பீஸுக்கு 20 ரூபாய், மாதம் 30,000 பீஸ், பில் 6 லட்சம். சம்பளம், வாடகை, கரண்ட், நூல், ஊசி எல்லாம் சேர்த்துச் செலவு 5.1 லட்சம். 90,000 நிற்கிறது. மோசமில்லை. ஆனால் பார்ட்டி, அதாவது வேலை கொடுக்கும் பனியன் கம்பெனி, சொன்ன கெடு, மாதக் கடைசியில் பில், அதிலிருந்து 60 நாள். ஏப்ரலில் தைத்ததற்கு ஜூன் கடைசியில்தான் பணம். அதற்குள் மூன்று மாதச் செலவு 15.3 லட்சம் கையை விட்டுப் போய்விடும். பணம் வந்ததா என்று ஜிஎஸ்டி பார்க்காது. பில் போட்டால் அடுத்த மாதம் 20-ம் தேதிக்குள் கட்ட வேண்டும். 5 சதவீதம், 30,000 ரூபாய், மே மாதம் ஒரு முறை, ஜூனில் ஒரு முறை. செலவில் பெரும்பகுதி சம்பளம் என்பதால் உள்ளீட்டு வரி (நாம் வாங்கியவற்றுக்கு ஏற்கெனவே கொடுத்த ஜிஎஸ்டி) என்று கழித்துக்கொள்ளவும் பெரிதாக ஒன்றும் இருக்காது. ஆக, முதல் பில்லின் பணத்தைக் கண்ணால் பார்ப்பதற்கு முன் ஏறக்குறைய 16 லட்சம் இறக்கியிருக்க வேண்டும்.

இந்த நிலையில் அந்த யூனிட் முதலாளிக்கு அதே அளவில் இன்னொரு ஆர்டர் வந்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். மாத லாபம் 1.8 லட்சம் ஆகும், சரி. இறக்க வேண்டிய பணமும் 32 லட்சம் ஆகுமே! வேலை இல்லாமல் மூடிய யூனிட்டைவிட, வேலை அதிகமாகி மூடிய யூனிட்டைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அந்த அண்ணன் கெட்டிக்காரர். ரேட் ஏற்றிக் கேட்கவில்லை. 15 நாளுக்கு ஒரு பில், பில்லிலிருந்து 30 நாளில் பணம் என்று மட்டும் கேட்டார். அப்படியானால் ஏப்ரல் முதல் பாதியின் பணம் மே 15-ல் வந்துவிடும். அதுவரை போன செலவு 7.65 லட்சம். ஜிஎஸ்டியும் அதற்குப் பிறகு, மே 20-ல்தான். அதே பீஸ் ரேட், அதே லாபம், இறக்க வேண்டிய பணம் பாதிக்கும் கீழே. ஐம்பது காசு ஏற்றிக் கேட்டிருந்தால் பார்ட்டி முறைத்திருப்பார்கள். தேதியை மாற்றச் சொன்னதற்குப் புதிய ஆர்டருக்கு மட்டும் சரி என்றார்கள். பழையது இன்னும் 60 நாளில்தான் ஓடுகிறது.

உங்கள் தொழில்களில் ரொட்டேஷன், அதாவது பணச் சுழற்சி, எங்கே சிக்குகிறது என்று எழுதுங்கள்.

லாரி உரிமையாளர், நாமக்கல்

எங்களுக்குச் சிக்குவது பாக்கி வாடகையில். லோடு ஏற்றும்போது அட்வான்ஸ் கொடுத்துவிடுவார்கள், அது டீசலுக்கும் டிரைவர் பேட்டாவுக்குமே சரியாகப் போகும். மீதி, சரக்கு இறக்கிக் கையெழுத்து வாங்கிய ரசீது புக்கிங் ஆபீஸுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான். ரசீது தொலைந்தால் அந்தப் பணத்தை மறந்துவிடலாம் என்பது எங்கள் வட்டாரத்து அனுபவம். ஃபாஸ்டேக்கில் முன்கூட்டியே பணம் போட்டு வைக்க வேண்டும், டோல்கேட் கடன் சொல்லாது. இன்சூரன்ஸ் வருடத்துக்கு ஒரே தவணை. காலாண்டு வரி தனி.

இன்னொன்று, வண்டி டியூ, அதாவது வண்டிக் கடனின் மாதத் தவணை. மாதம் கட்டுவதில் வட்டி மட்டும்தான் லாபநட்டக் கணக்கில் செலவாக வரும். அசல் அங்கே வராது, ஆனால் கையிலிருந்து போகிறதே! அதற்குப் பதிலாக வண்டியின் மதிப்பு வருடாவருடம் குறைவதற்குத் தேய்மானம் என்று ஒரு தொகை எழுதுகிறார்கள், அது யாருக்கும் கொடுக்கும் பணம் இல்லை. புது வண்டியில் முதல் சில வருடம் தேய்மானம் பெரிதாக இருக்கும், ஏட்டில் லாபமே தெரியாது, வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். வருடம் ஏற ஏறத் தேய்மானம் சுருங்கும், வட்டியும் சுருங்கும், டியூவில் அசல் பங்கு பெருகும். ஏட்டில் லாபம் நிமிர்ந்து நிற்கும்போது கையில் காசு இருக்காது, அந்த லாபத்துக்கு வரி வேறு. என் மச்சான் இரண்டாவது வண்டியை லாபத்தைப் பார்த்து எடுத்தார். நான் டியூ தேதியையும் வசூல் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்துவிட்டு ஒரு வண்டியோடு நின்றுவிட்டேன்.

மளிகைக் கடை, மதுரை

எங்கள் கதை தலைகீழ் சார். விற்பனை ரொக்கம், டிஸ்ட்ரிப்யூட்டருக்குக் கொடுக்க ஒரு வாரம், பத்து நாள் டைம். பிஸ்கட்டை விற்று முடித்த பிறகுதான் அதற்குப் பணம் கொடுக்கிறோம். கல்லா எப்போதும் நிறைந்து தெரியும், அதுதான் ஆபத்து. பக்கத்துத் தெருவில் ஒருவர் கல்லாவிலிருந்து எடுத்து வீட்டுக்கு மாடி கட்டினார். கடை நன்றாகப் போகும்வரை தெரியவில்லை. எதிரில் சூப்பர் மார்க்கெட் வந்து விற்பனை குறைந்ததும், பழைய சரக்குக்குப் புது வசூலிலிருந்து கொடுக்க முடியாமல் போனது.

சிவில் கான்ட்ராக்டர், திருச்சி

அரசு வேலை செய்கிறேன். முடித்த வேலையை அளவெடுத்து எம்-புக்கில் (அளவுப் பதிவேட்டில்) ஏற்றி, பில் பாஸ் ஆகி, அதற்கு மேல் நிதி வர வேண்டும். ஒவ்வொரு பில்லிலும் பிடித்தம் உண்டு. வேலையில் குறை வந்தால் சரிசெய்ய வேண்டிய காலம் முடியும்வரை அந்தப் பணம் வராது. என் லாபம் பெரும்பாலும் அந்தப் பிடித்தத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. திருப்பூர் நண்பருக்கு ஒரு கேள்வி: 45 நாளில் பணம் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறதே, அதைச் சொல்லிக் கேட்க முடியாதா? முடியாவிட்டால் பேங்க் ஓடி (ஓவர்டிராஃப்ட்) வைத்துச் சமாளிக்கலாமே?

பகுதிநேரக் கணக்காளர், திருப்பூர்

சட்டம் இருக்கிறது. 2006-ம் வருட எம்எஸ்எம்இ சட்டப்படி, குறு, சிறு யூனிட்டுகளுக்கு ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது, ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதக் கூட்டு வட்டி. இதற்கென்று இருக்கும் அரசு இணையதளத்தில் புகார் கொடுக்கலாம். ஆனால் இருக்கிற ஒரே பார்ட்டி மேல் யார் புகார் கொடுப்பார்கள்? அதைவிட வேலை செய்தது 1961 வருமான வரிச் சட்டத்தில் சேர்த்த 43பி(எச்) பிரிவு. கெடுவுக்குள் பணம் தராவிட்டால் வாங்கியவர் அந்தச் செலவை அந்த வருடம் கழிக்க முடியாது, கொடுத்த வருடத்தில்தான் கழிக்கலாம். 2024 மார்ச் கடைசியில் சிலருக்குப் பழைய பாக்கி மளமளவென்று வந்தது. சிலரிடமோ இந்தப் பாதுகாப்பைத் தரும் உத்யம் பதிவையே (குறு, சிறு தொழில் என்ற அரசுப் பதிவு) ரத்து செய்துவிட்டு வா என்றார்கள்.

ஓடி, சிசி (கேஷ் கிரெடிட்) விஷயத்தில் ஒரு நெளிவு இருக்கிறது. லிமிட் 20 லட்சம் என்று பேங்க் எழுதியிருந்தாலும் எடுக்க முடிவது, கையிருப்புச் சரக்கையும் வசூல் பாக்கியையும் காட்டி மாதாமாதம் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டை வைத்துத்தான். 90 நாளுக்கு மேற்பட்ட வசூல் பாக்கியைப் பெரும்பாலும் கணக்கில் எடுக்க மாட்டார்கள், மிச்சத்திலும் 25 சதவீதம்போல மார்ஜின் கழிப்பார்கள். பார்ட்டி பணம் இழுக்க இழுக்க நமக்குத் தேவை ஏறும், பேங்க் தரும் தொகை இறங்கும். பார்ட்டி பெரிய கம்பெனி என்றால் டிரெட்ஸ், அதாவது பில்லைக் காட்டி முன்கூட்டியே பணம் வாங்கும் இணையத் தளம், நல்ல வழி. 250 கோடிக்கு மேல் விற்றுவரவு உள்ள கம்பெனிகள் அதில் சேர வேண்டும் என்று 2024 நவம்பரில் அறிவித்தார்கள். பில்லை அவர்கள் ஒப்புக்கொண்டால் பேங்க் வட்டியைக் கழித்துக்கொண்டு பணம் தந்துவிடும். பிறகு பார்ட்டி கட்டாவிட்டாலும் நம்மிடம் திரும்பி வர மாட்டார்கள்.

"2 சதவீதம் கழித்துக்கொண்டு பத்தாம் நாளே தருகிறேன்" என்று சில பார்ட்டி சொல்வதையும் கேட்டிருப்பீர்கள். 60 நாளுக்குப் பதில் 10 நாள் என்றால், 50 நாள் முன்னால் வரும் பணத்துக்கு 2 சதவீதம், வருடத்துக்கு 15 சதவீதம்போல ஆகிறது. பேங்கில் 10, 11-க்கு எடுக்க இடம் இருந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். சனிக்கிழமைக்காக மூணு வட்டிக்கு (நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய்) வாங்குகிறவர் என்றால் அது வருடத்துக்கு 36. அவர் யோசிக்காமல் ஒப்புக்கொள்ளலாம்.