கை ட்ரில்லில் கியர் விகிதத்தைக் கூட்டினால் துளை சீக்கிரம் விழுமா?

மரப்பாச்சி:

வணக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு மரவேலை சொல்லித் தருகிறேன். எல்லாரும் பத்திலிருந்து பதினாலு வயதுக்குள். கரண்ட் ட்ரில்லைக் கையில் கொடுக்க அவர்கள் அம்மாக்களுக்கும் பயம், எனக்கும் பயம், அதனால் கையால் சுற்றும் ட்ரில்தான் வைத்திருக்கிறேன். பழைய மாடல், பெரிய பெவல் சக்கரத்தின் (கூம்பு வடிவப் பல்சக்கரம்) பக்கத்தில் கைப்பிடி, அது பினியன் என்கிற சின்னப் பல்சக்கரத்தைச் சுற்றும், பினியன் ஷாஃப்ட்டின் முனையில் பிட்டைக் கவ்விப் பிடிக்கும் சக். பல்லை எண்ணிப் பார்த்தேன், பெரியதில் 60, பினியனில் 15, ஆக கைப்பிடி ஒரு சுற்று சுற்றினால் பிட் நாலு சுற்று.

பிரச்சினை என்னவென்றால் 25 மி.மீ. வேப்பம் பலகையில் 6 மி.மீ. துளை போட ஒரு பையனுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகிறது, பாதியிலேயே கை வலிக்கிறது என்று அடுத்தவனிடம் கொடுத்துவிடுகிறான், பின்னால் நிற்கும் வரிசை நகரவே மாட்டேன் என்கிறது. விகிதத்தை 10:1 ஆக்கினால் இரண்டரை மடங்கு சீக்கிரம் முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது, சரியா? பினியன் பக்கம் கனமான ஒரு ஃப்ளைவீல் (சுற்றும் வேகத்தைத் தக்கவைக்கும் சக்கரம்) போட்டால் இன்னும் நன்றாக ஓடும் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். மரம்தான் அதிகம், எப்போதாவது அலுமினியப் பட்டையும் மெல்லிய இரும்புப் பட்டையும் துளைப்போம். கியரை எங்கே வெட்டுவது, எப்படி மாட்டுவது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சும்மாஇரு:

12 வோல்ட் கார்ட்லெஸ் ட்ரில் ஒன்று வாங்கி, கிளட்ச்சை ஒன்றாம் நம்பரில் வைத்துக் கொடுத்துவிடுங்கள் சார். இந்தக் காலத்திலும் கையால் சுற்ற வேண்டுமா?

மரத்தூள்:

மேலே சொன்னவருக்கு: பிள்ளை கைப்பிடியை விட்டதும் நின்றுவிடுகிற கருவி கை ட்ரில், அவர் கேட்டதற்குப் பதில் சொல்வோம்.

சார், கியரில் கை வைப்பதற்கு முன் பிட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். முனையில் தனியாக ஒரு சின்னத் தகடு பற்றவைத்து, அந்தத் தகடு தண்டைவிடக் கொஞ்சம் அகலமாகத் தெரிந்தால் அது சுவர் பிட். செட்டாக விற்கும் பெட்டிகளில் பாதி அதுதான் இருக்கும், வீட்டில் ஆணி அடிக்கும் இடத்துக்கு வாங்கினது மரவேலைக்கும் வந்துவிடும். அதன் முனை கல்லை இடித்து நொறுக்குவதற்கு, மரத்தை அறுக்காது, தேய்க்கும். ஹேமர் மெஷினில் போட்டால் மெஷின் பலத்தில் எப்படியோ இறங்கிவிடும், பையன் கையில் இறங்காது.

துளையிலிருந்து என்ன வருகிறது என்பதையும் கவனியுங்கள். நல்ல பிட் என்றால் வேம்பில் சுருள் சுருளாக, குறைந்தது செதிளாகவாவது வரும். மாவாக வந்தால், அதுவும் கொஞ்சம் பழுப்பேறி வாசம் அடித்தால், அறுபடவில்லை, தேய்கிறது என்று அர்த்தம். நடுவில் ஊசி மாதிரி முனையும் இரண்டு ஓரத்திலும் கத்தி மாதிரி விளிம்பும் இருக்கிற மர பிட் ஒன்று கிடைக்கும், அதில் 3, 4, 6 மூன்று அளவு வாங்கினால் பிள்ளைகளுக்குப் போதும். ஊசி முனை மரத்தில் உட்கார்ந்துகொள்வதால் பிட் வழுக்கி ஓடாது, இந்த வயதுக்கு அதுவே பெரிய உதவி. பத்து மி.மீ. இறங்கியதும் ஒரு தடவை வெளியே இழுத்துத் தூளைத் தட்டச் சொல்லுங்கள். துளைக்குள் தூள் அடைத்துக்கொண்டால் அதைச் சுற்றுவதற்கே பாதி பலம் போய்விடும்.

ஒன்று மட்டும் வேண்டாம். முனையில் ஸ்க்ரூ இருக்கிற அகர் பிட்டை இந்த ட்ரில்லில் மாட்டாதீர்கள். அந்த ஸ்க்ரூ தானாகவே மரத்துக்குள் இழுத்துக்கொண்டு போகும், ஒரு சுற்றுக்கு எவ்வளவு இறங்க வேண்டும் என்பதை அதுவே முடிவு செய்யும், உங்கள் 4:1 அதற்குத் தாங்காது. அதெல்லாம் கியரே இல்லாமல், வளைந்த கைப்பிடியை நேராகச் சுற்றும் பிரேஸுக்கு உள்ளது.

கியர்பாக்ஸ்:

மரத்தூள் அண்ணன் சொன்னதைக் கணக்காகவே காட்டிவிடலாம். சாதாரணமாக ஒருவர் நிமிடத்துக்கு 60 தடவை கைப்பிடியைச் சுற்றுவார். 4:1ல் பிட் 240 சுற்று. கூரான 6 மி.மீ. மர பிட் ஒரு சுற்றுக்கு 0.2 மி.மீ. இறங்கினால் நிமிடத்துக்கு 48 மி.மீ. ஆகிறது. அப்படியானால் உங்கள் பலகை அரை நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டும். இரண்டு நிமிடம் ஆகிறது என்றால் ஒரு சுற்றுக்கு 0.05 கூட இறங்கவில்லை. குறை சுற்றுவதில் இல்லை, இறங்குவதில் இருக்கிறது. இந்த நிலையில் 10:1 போட்டால் தேய்ப்பதைத்தான் இரண்டரை மடங்கு வேகமாகத் தேய்க்கும்.

இனி கியர். கியர் பலத்தை உண்டாக்காது, வேகத்தையும் திருப்பு விசையையும் மாற்றிக் கொடுக்கும், அவ்வளவுதான். வேகத்தைக் கூட்டினால் பிட் முனையில் திருப்பு விசை அதே அளவு குறையும். அதனால் எந்த வேலையில் உங்களிடம் திருப்பு விசை மிச்சம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இரும்பில் மிச்சமே கிடையாது. மைல்ட் ஸ்டீலில் ஒரு கன மி.மீ. வெட்டி எடுக்கச் சுமார் 3 ஜூல் ஆகும். 6 மி.மீ. பிட் சுற்றுக்கு 0.1 மி.மீ. இறங்கினால் 2.8 கன மி.மீ., அதாவது சுற்றுக்கு எட்டரை ஜூல் அளவு. பிட் முனையில் 1.35 நியூட்டன் மீட்டர் வேண்டும். 4:1ல் அது கைப்பிடிக்கு வரும்போது 5.4 ஆகிறது, கைப்பிடி 100 மி.மீ. ஆரத்தில் இருந்தால் ஐந்தரை கிலோ அளவுக்கு அழுத்திச் சுற்ற வேண்டும். பெரியவர்கள் சுற்றிவிடலாம், கொஞ்ச நேரம். 10:1ல் அதுவே பதினாலு கிலோ, யாரும் தொடர்ந்து சுற்ற முடியாது. உடனே என்ன செய்வோம், அழுத்தத்தைக் குறைப்போம், பிட் சுற்றுக்கு 0.03 தான் இறங்கும், வெட்டும் விளிம்பு தேயும், அப்புறம் சாணை பிடிக்கப் போக வேண்டியதுதான். இரும்புக்கு 2:1 இருந்தால்கூட நல்லதுதான்.

மரத்தில் கதை வேறு. இரும்புக்கு ஆகும் ஆற்றலில் சின்னப் பங்குதான் மரத்துக்கு ஆகும், அதனால் கூரான பிட் இருந்தால் 4:1ல் நிறைய மிச்சம் இருக்கும். அங்கே வேகத்தைக் கூட்டினால் உண்மையாகவே நேரம் குறையும். சின்ன பிட்டுக்கும் இதே கதைதான். சுற்றுக்கு இறங்கும் அளவு மாறாமல் இருந்தால் திருப்பு விசை விட்டத்தின் வர்க்கத்தில் போகும், 2 மி.மீ. பிட்டுக்கு 6 மி.மீ.க்கு வேண்டியதில் ஒன்பதில் ஒரு பங்கு போதும். நெஞ்சில் முட்டுக்கொடுத்துச் சுற்றும் பழைய பெரிய ட்ரில்களில், அமெரிக்காவின் மில்லர்ஸ் ஃபால்ஸ் கம்பெனி செய்தவற்றிலெல்லாம், இரண்டு வேகம் வைத்திருப்பார்கள். பெரிய பிட்டுக்கு மெதுவானது, சின்னதுக்கு வேகமானது. ஒரே விகிதத்தில் எல்லா வேலையும் செய்ய நினைப்பதைவிட அது புத்திசாலித்தனம்.

எளிதான சோதனை ஒன்று சொல்கிறேன். முதலில் காற்றில் சும்மா சுற்றுங்கள், அப்புறம் மரத்தில் வைத்து நன்றாக அழுத்திக்கொண்டு சுற்றுங்கள். இரண்டுக்கும் கைக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, ஆனால் பிட் சுருள் விட்டுக்கொண்டு இறங்குகிறது என்றால் விகிதத்தைக் கூட்ட இடம் இருக்கிறது. வித்தியாசமும் தெரியவில்லை, மாவும் வருகிறது என்றால் பிட்டோ அழுத்தமோ போதவில்லை. கை திணறினால் விகிதத்தைக் குறைக்க வேண்டும்.

ஃப்ளைவீல் பற்றி: 80 மி.மீ. விட்டம், 10 மி.மீ. தடிமனில் ஒரு இரும்பு வட்டு கிட்டத்தட்ட 400 கிராம் வரும். 300 ஆர்பிஎம்மில் அதில் சேர்ந்திருக்கும் ஆற்றல் 0.16 ஜூல். இரும்பில் ஒரே ஒரு சுற்றுக்கு எட்டரை ஜூல் வேண்டும் என்று மேலே பார்த்தோம். கையில் தூக்கிப் பிடிக்கிற கருவியில் பிள்ளை அந்த 400 கிராமைச் சுமப்பதுதான் மிச்சம். கொல்லுப்பட்டறைகளில் தூணில் மாட்டியிருக்கும் கை ட்ரில்லில் பெரிய சக்கரம் இருக்குமே, அது பல கிலோ எடை, விட்டமும் பெரியது, எடையைத் தூண் தாங்குகிறது. அதைப் பார்த்துத்தான் உங்கள் நண்பருக்கு இந்த யோசனை வந்திருக்கும்.

லேத்துக்காரன்:

கணக்கெல்லாம் தம்பி போட்டுவிட்டார், நான் இரும்புச் சாமானைச் சொல்கிறேன்.

ஒரே ஜோடி பெவலில் 10:1 எடுப்பது வேண்டாத வேலை. பினியனுக்கு 12 பல்லுக்குக் கீழே போக முடியாது என்று வையுங்கள், பெரியதில் 120 பல் வரும், 1.5 மாட்யூலில் (பல்லின் அளவு) 180 மி.மீ. விட்டம், அதைப் பிடித்துக்கொண்டு எந்தப் பிள்ளை துளை போடும்? தேவைப்பட்டால் இரண்டு கட்டமாகத்தான் செய்ய வேண்டும். 8:1 வரை போதும் என்று நினைக்கிறேன். இருக்கிற 4:1க்கு முன்னால் 2:1 நேர்ப்பல் ஜோடி ஒன்று, கைப்பிடியை எந்த ஷாஃப்ட்டில் செருகுகிறீர்களோ அதற்கேற்ப 4 அல்லது 8. மாற்றுவதற்குத் தனி லிவர் எதுவும் வேண்டாம், கைப்பிடியைக் கழற்றி மாட்டினால் ஆயிற்று. ஒரு ஜோடி கியர் சேர்வதால் கைப்பிடியைச் சுற்றும் திசை தலைகீழாகும், அதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.

கியர் புதிதாக வெட்டினால் செலவு ஆகும். கோயம்புத்தூர்ப் பக்கம் என்றால் கணபதியில் வெட்டித் தருவார்கள், ஆனால் ஒற்றை ஜோடிக்கு யாரும் சந்தோஷமாக மெஷினை நிறுத்தி செட்டிங் மாற்ற மாட்டார்கள். அதற்குப் பதில் உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் ஆங்கிள் கிரைண்டர் கியர் செட் தேடுங்கள், புதுசாகவே ஸ்பேர் கடையில் கிடைக்கும். சூடேற்றிக் கடினமாக்கிய ஸ்டீல், பல் சாய்வாக இருப்பதால் சத்தம் இல்லாமல் ஓடும், விகிதம் மூன்று, மூன்றரை வாக்கில் இருக்கும். 4 இஞ்ச் கிரைண்டருடையதை வாங்காதீர்கள், சின்னது. 7 இஞ்ச் கிரைண்டர் சுமார் 2000 வாட், 8500 ஆர்பிஎம், கணக்குப் போட்டால் அதன் பெரிய சக்கரம் இரண்டேகால் நியூட்டன் மீட்டர் அளவுக்கு முழுநேரமும் ஓடுவதற்குச் செய்தது. கையால் மெதுவாகச் சுற்றுகிற வேலையில் அதைவிடக் கொஞ்சம் கூடினாலும் தாங்கும். ஒரு எச்சரிக்கை: கிரைண்டரில் பினியன் பெரியதை ஓட்டும், இங்கே பெரியது பினியனை ஓட்டும். சாய்வுப் பல்லில் அப்படித் திருப்பினால் பினியன் ஷாஃப்ட் எந்தப் பக்கம் தள்ளும் என்பதும் மாறக்கூடும், அதனால் முன்னும் பின்னும் இரண்டு பக்கமும் நகராதபடி பூட்டுங்கள். இல்லையென்றால் பல்லுக்குள் இழுத்துக்கொண்டு இறுகிவிடும்.

இப்போது இருக்கிற ட்ரில்லையும் பாருங்கள். பினியன் ஒன்றா இரண்டா? நல்ல ட்ரில்லில் பெரிய சக்கரத்துக்குக் கீழே ஒன்றும் மேலே ஒன்றும் இருக்கும், மேலே இருப்பது சும்மா சுற்றும், சக்கரம் சாயாமல் தாங்குவதற்கு மட்டும். ஒன்றே இருந்தால் பிள்ளை அழுத்திச் சுற்றும்போது சக்கரம் வெளிப்பக்கம் சாய்ந்து பல் நுனியில் மட்டும் பிடிக்கும், கடகடவென்று சத்தம் வரும். சக்கரத்தின் பின்பக்கம் ஒரு சின்ன பேரிங்கை முட்டுக்கொடுத்தாலே சரியாகிவிடும். ஷாஃப்ட்டின் பின்முனையில் அழுத்தம் எதன்மேல் உட்கார்கிறது என்றும் பாருங்கள், பழையவற்றில் ஒரே ஒரு குண்டு இருக்கும், சிலதில் அதுவும் தொலைந்துபோய் இரும்பும் இரும்பும் உரசும். நேர் அழுத்தத்தைத் தாங்கும் 51100 த்ரஸ்ட் பேரிங் ஒன்று, உள்ளே 10, வெளியே 24, தடிமன் 9 மி.மீ. கூட்டில் இடம் இருந்தால் கடைந்து உட்காரவைத்து கிரீஸ் வையுங்கள். எத்தனை அழுத்தினாலும் லேசாகச் சுற்றும். கியர் மாற்றுவதைவிட இதில்தான் உங்களுக்கு லாபம்.

மரப்பாச்சி:

எல்லாருக்கும் நன்றி. பிட் முனையில் பற்றவைத்த தகடு இருக்கத்தான் செய்கிறது, மரத்தூள் அண்ணன் நேரில் பார்த்த மாதிரி சொல்லிவிட்டார். ஊசி முனை பிட் வாங்கிப் போட்டதும் பெரிய பையன்கள் முக்கால் நிமிடத்துக்குள் முடிக்கிறார்கள், சுருளும் வருகிறது. பின்முனையில் குண்டு இல்லை, த்ரஸ்ட் பேரிங்குக்குக் கொடுத்திருக்கிறேன்.

ஆனால் சின்னப் பிள்ளைகள் இன்னும் திணறுகிறார்கள். ஒரு கையால் அழுத்தி மறு கையால் சுற்றும்போது ட்ரில் இடமும் வலமும் ஆடுகிறது, அழுத்தமும் விட்டு விட்டுத்தான் போகிறது. இதற்கு 8:1 உதவுமா?

கியர்பாக்ஸ்:

உதவாது, அழுத்தம்தான் போதவில்லை. ட்ரில்லை ஒரு ஸ்டாண்டில் செங்குத்தாக மாட்டி, மேலே ஒரு நெம்புகோல் வைத்து அதன் நுனியில் எடை தொங்கவிடுங்கள். நெம்புகோலின் ஊன்று புள்ளியிலிருந்து ட்ரில் 15 செ.மீ.யிலும் எடை 60 செ.மீ.யிலும் இருந்தால் 3 கிலோ மணல் பை 12 கிலோவாக அழுத்தும், அதுவும் விட்டு விட்டு இல்லாமல் ஒரே சீராக. 3 மி.மீ. பிட்டுக்குப் பையை உள்ளே நகர்த்திவிடுங்கள், இல்லையென்றால் பிட் வளையும். பிள்ளைக்கு இரண்டு கையும் சுற்றுவதற்குக் கிடைக்கும், ஆட்டமும் நின்றுவிடும். அதற்குப் பிறகு கைக்குப் பாரம் தெரியவில்லை என்றால் 8:1 பற்றி யோசிக்கலாம், ஸ்டாண்டில் இருப்பதால் எடை கூடினாலும் பரவாயில்லை.

மரத்தூள்:

பலகையைக் கிளாம்ப் போட்டு இறுக்கிவிட்டு, அடியில் ஒரு வேண்டாத மரத்துண்டை வையுங்கள். மணல் பை ஒரே சீராக அழுத்துவதால் பிட் மறுபக்கம் வெளியேறும்போது யாரும் அழுத்தத்தைக் குறைக்க மாட்டார்கள், அடிப்பக்கம் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். பெண் பிள்ளைகள் பின்னலை முன்னால் போட்டுக்கொண்டு குனிய வேண்டாம், திறந்த கியர் அது.