எண்ணெய் இல்லாமல் மொறுமொறு கொண்டைக்கடலை: யாருக்காவது கைவந்திருக்கா?

ரங்கூன் அக்கா, தங்கச்சிமாரே, ஒரு யோசனை வேணும்.

அப்பாவுக்குச் சர்க்கரை. ஆனா சாயங்காலம் டீயோட கொறிக்க ஏதாவது இருந்தே ஆகணும். லப்பெத் (பர்மாக்காரங்க புளிக்கவெச்சுச் சாப்பிடுற தேயிலை) தட்டை வெச்சா, தேயிலையை ஒதுக்கிட்டுப் பொரிச்ச பயறையும் கடலைப்பருப்பையும் பூண்டையும் மட்டும் அள்ளிப் போட்டுக்குவார். அத்தனையும் எண்ணெய். டாக்டர் குறைக்கச் சொல்லிட்டார்.

அதான் தெய்ஞ்சி சே சந்தையில கொண்டைக்கடலை வாங்கி வறுத்துப் பார்க்கிறேன். காய்ஞ்ச கடலை 100 கிராம்ல ஏறக்குறைய 20 கிராம் புரதம், நார்ச்சத்தும் நிறைய. ராத்திரி ஊறவெச்சு, அரைவேக்காடா அவிச்சு, துணியில பரப்பி ஈரம் போனதும் இரும்புச்சட்டியில சின்னத் தீயில வறுக்கிறேன். ஓவன் இருக்கு, கரண்ட் இருக்கணுமே! சுடச்சுட நல்லாத்தான் நொறுங்குது. ஆறினதும் தோல் மட்டும் முறுகலா நிக்குது, உள்ளே சவசவன்னு ஆயிடுது. இந்த மழையில டப்பாவுல போட்டா கேக்கவே வேணாம்.

வண்டிக்காரங்க சூடான மணல்ல வறுப்பாங்களே, மணலுக்குப் பதிலா கல்லுப்பு போட்டு வீட்டு அடுப்புல செய்யலாமா? கடலையில உப்பு ரொம்ப ஏறிடுமா? அவருக்குப் பிரஷரும் இருக்கு. அவிக்கணுமா, இல்ல தண்ணி தெளிச்சுப் பிசிறி வெச்சாலே போதுமா? மிளகாய்த்தூள், பெருங்காயம் எண்ணெய் இல்லாம ஒட்டவே மாட்டேங்குது, அதுக்கு என்ன வழி?

இன்னொண்ணு, அவருக்குப் பல்செட்டு. கல்லு மாதிரி இருந்தா தட்டை என் பக்கமே தள்ளிடுவார். ஏர்ஃப்ரையர் வாங்குன்னு மட்டும் சொல்லாதீங்க, புண்ணியமாப் போகும்.