மறு: லீவன்ஹூக்கின் 'அனிமல்கியூல்' – தமிழில் எப்படிச் சொல்வது?

அன்புள்ள குழுவினருக்கு,

> நுண்ணுயிரி என்ற நல்ல சொல் இருக்கும்போது இதற்குத் தனியாக ஒரு சொல் எதற்கு?

அனிமல்கியூலுக்குத் தனிச்சொல் கேட்பது, நம் பாடநூலில் நாம் எழுதுவது வரலாற்றுப் பாடம் என்பதால்தான். 17-ஆம் நூற்றாண்டில் லீவன்ஹூக் நுண்ணோக்கியில் பார்த்தவற்றை நாம் இன்று நுண்ணுயிரி என்கிறோம். அவருக்கு அவை விலங்குகள். அவர் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி, லத்தீன் தெரியாதவர். மிளகு ஏன் உறைக்கிறது என்று தெரிந்துகொள்ள அதைத் தண்ணீரில் ஊறப்போட்டார். மூன்று வாரம் கழித்து, 1676 ஏப்ரல் 24 அன்று, அந்த நீரைத் தம் கையால் தேய்த்த ஒற்றை வில்லை வழியே பார்த்தால், எண்ணி மாளாதபடி ஏதேதோ நெளிந்துகொண்டிருந்தன. உறைப்புக்குக் காரணம் கிடைக்கவில்லை, இவை கிடைத்தன. தானாக நகர்கிறது, அப்படியென்றால் விலங்கு. அவ்வளவுதான் அவர் கணக்கு. டச்சு மொழியில் 'குட்டி விலங்குகள்' என்றே எழுதினார். 1677-இல் லண்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டி ஆங்கிலத்தில் அச்சிட்டபோதும் தலைப்பில் 'சின்ன விலங்குகள்'தான். அனிமல்கியூல் என்பதும் அதே பொருள்தான், லத்தீன் உடுப்பில்.

அந்த இடத்தில் நுண்ணுயிரி என்று போட்டால், 200 வருடம் கழித்துத் தெரிந்ததை அவர் வாயில் திணித்ததாகிவிடும். கிருமியும் சரிவராது, அது நோயை இழுத்துக்கொண்டு வரும். (கிருமிக்குப் பழைய பொருள் புழு. உயிரினங்களை வகைப்படுத்திய லின்னேயஸும் 1767-இல் இவற்றைப் புழு வகுப்பில்தான் தள்ளினார், அதுவும் 'கேயாஸ்' (குழப்பம்) என்ற பெயரில்! பாவம், அவருக்கும் வேறு வழி தெரியவில்லை.)

> குறுவிலங்கு எனலாம்.

முதலில் எனக்கும் இதுதான் பிடித்திருந்தது. 1683-இல் அவர் பல்லிடுக்கில் சுரண்டிய வெள்ளைப் பசையை மழைநீரில் கலந்து பார்த்தாரே, அந்தப் பத்தியில் போட்டுப் பார்த்தேன்: 'பல்லிடுக்கில் குறுவிலங்குகள் துள்ளி ஓடின.' விலங்கு என்றதும் கொம்பும் வாலும் கண்முன் வந்து நிற்கின்றன. படித்துக் காட்டியபோது என் மகள், "கைவிலங்கு மாதிரியாப்பா?" என்றாள். அதோடு விட்டுவிட்டேன். நுண்விலங்கு என்றால் மண்ணியலில் மைக்ரோஃபானாவோடு (மண்ணில் வாழும் மிகச் சிறிய விலங்குகள்) மோதும். நுண்பூச்சி காதுக்கு இதமாக இருக்கிறது, பல்லில் பூச்சி என்றுதானே ஊரில் சொல்கிறோம். ஆனால் பாடநூலில் பூச்சிக்கு ஆறு கால் வேண்டும்.

என் பரிந்துரை: நுண்பிராணி. பேச்சு வழக்கில் பிராணி என்றால் விலங்கு, வேரில் பார்த்தால் பிராணன் உள்ளது. லீவன்ஹூக்கின் தவறும் அதில் இருக்கிறது, அவர் கண்டதும் இருக்கிறது.

> வடசொல்லோடு 'நுண்' ஒட்டுமா? இலக்கணம் இடிக்கிறதே.

இடிக்கட்டும் ஐயா. 1878-இல் பிரான்சில் செடியோ என்ற அறுவை மருத்துவர் நுண்ணுயிரிக்கு 'மைக்ரோப்' என்ற சொல்லை முன்வைத்தபோதும் இதே தகராறுதான். பழைய கிரேக்கத்தில் அந்தக் கூட்டுக்குக் குறைந்த ஆயுள் உள்ளது என்றுதான் பொருள், சிறிய உயிர் என்றல்ல. அவர் அகராதிக்காரர் லித்ரேயிடம் கேட்டார். லித்ரேவுக்கு கிரேக்கம் தண்ணீர்பட்ட பாடு. இருந்தும் நல்ல சொல், சின்னதாக இருக்கிறது, வைத்துக்கொள்ளுங்கள், எதிர்ப்பு வந்தால் சொல்லே தன்னைக் காத்துக்கொள்ளட்டும் என்ற பொருளில் பதில் எழுதினார். அப்புறம் நடந்தது நமக்குத் தெரியும், சொல் நிலைத்துவிட்டது.

ஒரே ஒரு நிபந்தனை. நுண்பிராணி லீவன்ஹூக் காலத்துப் பகுதிகளில் மட்டும் வரட்டும். நோய்க்கும் நுண்ணுயிரிக்கும் உள்ள தொடர்பைக் காட்டிய பாஸ்டர், காக் வந்ததும் நுண்ணுயிரிக்கு மாறிவிடலாம். மாறும் இடத்தில் ஒரு வரி விளக்கம் போதும்.

மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். 'இன்ஃபியூசோரியா' (ஊறவைத்த நீரில் தோன்றும் நுண்ணுயிர்களுக்கான பழைய பெயர்) வேறு பாக்கி இருக்கிறது. மிளகு ஊறிய நீரை நினைத்து 'ஊறலுயிரி' என்று ஒன்று தோன்றுகிறது. அதைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம்.