புதுப்பிப்பு: நானே எழுதி, நானே ஒப்புதல் தந்த விவகாரம்

போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன். பினாங்கு பாயான் லெப்பாஸில் எங்கள் ஐ.டி. பிரிவில் ஐந்தே பேர். மாற்றக் கோரிக்கை (நிரலில் எதை மாற்ற வேண்டும் என்ற மனு) எழுதுவது, ஒப்புதல் தருவது, சர்வரில் ஏற்றுவது மூன்றும் என் தலையில். ஒருவரே எல்லாம் செய்தால் தப்பைப் பிடிக்க ஆளில்லை என்று தணிக்கையாளர் அதைக் குறையாக எழுதிவிட்டார்.

சரி, ஒருவழியாக முடிந்தது. புது ஆள் கிடைக்கவில்லை (கிடைக்கும் என்று நம்பியது என் தப்பு). கோரிக்கை எழுதியவர் பெயரிலேயே ஒப்புதல் போட முடியாதபடி கோரிக்கைகளைப் பதியும் டிக்கெட் சிஸ்டத்தைப் பூட்டிவிட்டோம். நிரல் எழுதுவது நான், ஏற்றுவது பக்கத்து மேசைத் தம்பி. புரொடக்‌ஷன் (நிஜப் பயன்பாட்டில் ஓடும் சர்வர்) கடவுச்சொல் இப்போது என்னிடம் இல்லை. முதல் வாரம் கை ஒடிந்த மாதிரி இருந்தது. அப்புறம் ஒருநாள் தம்பி, "அண்ணே, இது டெஸ்ட் சர்வர் முகவரியாச்சே?" என்றான். பேசாமல் திருத்திக் கொடுத்தேன்.

நடுராத்திரி அவசரத்துக்குத் தனிக் கணக்கு உண்டு. பயன்படுத்தினால் மறுநாள் காலை மேலாளர் பதிவேட்டைப் பார்த்தாக வேண்டும். சின்ன அணிக்குக் கண்காணிப்பும் மேற்பார்வையும் மாற்று வழி என்று தகவல் பாதுகாப்புக்கான சர்வதேச வழிகாட்டி ஐ.எஸ்.ஓ. 27002-உம் சொல்கிறது.

போன பதிவுக்கு "எல்லாம் வெறும் காகித வேலை" என்று எழுதியிருந்த நண்பருக்கு: 2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேப்பிடல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனத்தில் எட்டு சர்வரில் ஒன்றில் புது நிரல் ஏறவில்லை. இரண்டாவது ஆள் சரிபார்க்கவும் இல்லை. சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் போயிற்று.

மிச்சமிருக்கும் தலைவலி ஒன்றுதான். மேலாளர் தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) ஆறுவதற்குள் ஆறு கோரிக்கைக்கும் ஒப்புதல் தட்டிவிடுகிறார், படிக்காமலே.