மாவு பொங்காத ஊரில் வீட்டுப் பள்ளி

பாதி வருடத்தில் மதுரையிலிருந்து பெங்களூருக்கு வந்திருக்கிறோம், பள்ளியில் இடம் கிடைக்கவில்லை, நானும் வேலைக்குப் போகிறேன், ஜூன் வரை பிள்ளைகளை வீட்டில் வைத்தே சொல்லிக்கொடுக்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். முடியும் தங்கச்சி. நாங்கள் நான்காவது வருடமாக அப்படித்தான் ஓட்டுகிறோம். 'சொல்லிக்கொடுக்க' என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

நானும் முதலில் கால அட்டவணை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். ஒன்பது மணிக்குக் கணக்கு, பத்து மணிக்குத் தமிழ். மூன்று நாள் தாங்கியது. வீட்டுக்காரருக்கு இரவு ஷிஃப்ட், பகலில் தூங்க வேண்டும். எனக்குக் காலை பத்திலிருந்து இரண்டு வரை வீட்டிலிருந்தே கம்பெனி கணக்கு வேலை. மாமியாருக்கு முழங்கால் வலி. இதில் பள்ளிக்கூடம் நடத்த யார் இருக்கிறார்கள்? பிள்ளைகள் எதைக் கேட்கிறார்களோ அதன் பின்னால் போவது என்று ஆகிவிட்டது. கொள்கை என்றெல்லாம் பெருமையடிக்க மாட்டேன், அசதிதான் காரணம்.

போன வாரத்தையே சொல்கிறேன். திங்கட்கிழமை காலை இட்லி மாவு பொங்கவில்லை. டிசம்பரில் இந்த ஊர் மாவு அப்படித்தான் கல் மாதிரி இருக்கும், நீங்களும் இதற்குள் பார்த்திருப்பீர்கள். "எங்க ஊர்ல இந்நேரம் வழிஞ்சு தரையில ஓடும்" என்றார் மாமியார். ஒன்பது வயது மகன் அதைப் பிடித்துக்கொண்டான். ஏன் அங்கே ஓடுது, இங்கே ஓடலை?

மறுபடி அரைத்ததும் மூன்று டம்ளரில் மாவு ஊற்றினான். ஒன்று அடுப்பு மேடையில், ஒன்று பால்கனியில், ஒன்று சூடாக்காமல் விளக்கை மட்டும் எரியவிட்ட ஓவனுக்குள். எவ்வளவு ஏறுகிறது என்று தெரிய டம்ளரைச் சுற்றி ரப்பர் பேண்ட். இரண்டு மணிக்கொரு முறை ஸ்கேலும் நோட்டுமாகப் போய் நின்றான். ஓவன் டம்ளர் இரவுக்குள் வழிந்தது, பால்கனி டம்ளர் அசையவே இல்லை. அப்புறம் மாவுக்குள் காற்றை விடுவது யார், அது உயிருள்ளதா, உயிருள்ளதை நாம் சாப்பிடுகிறோமா என்று கேள்வி மேல் கேள்வி. செவ்வாய்க்கிழமை பேச்சு ஊரின் உயரத்துக்கு வந்தது. கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறோம், குளிருக்கு அதுவும் ஒரு காரணம் என்றேன். இந்த உயரத்தில் தண்ணீர் 97 டிகிரி சுமாரிலேயே கொதித்துவிடும் என்று அவனே எங்கோ படித்துவிட்டு, அப்போ பருப்பு வேக நேரமாகுமே என்று பாட்டியிடம் ஓடினான். அவர் ஒன்றும் பேசாமல் குக்கரைக் காட்டினார். அது எப்படி வேலை செய்கிறது என்பதில் அன்றைய பொழுது போனது. நான் இரண்டு நாளும் போனில்தான் இருந்தேன்.

புதன்கிழமை ஒன்றுமே நடக்கவில்லை. டிவி, சண்டை, சின்னவள் தன் கவுனைத் தானே கத்தரித்துக்கொண்டாள். வாரத்தில் ஒரு நாள் இப்படி வரும். அன்று பயந்துபோய் ஒர்க்புக் வாங்கி அடுக்காதீர்கள், நான் அடுக்கினேன், இப்போது பரணில் இருக்கிறது.

வியாழக்கிழமை பெரியவளுடையது, வயது பன்னிரண்டு. பால் பூத்துக்குப் போய்வந்தவள், "பால் இங்கே ஹாலு, பத்து ஹத்து, பூ ஹூவு. ப வந்தா ஹ ஆயிடுதும்மா" என்றாள். பழைய கன்னடத்தில் அங்கேயும் ப தான் இருந்தது, பிறகுதான் ஹ ஆனது என்று தேடிப் படித்தோம். புலி ஹுலி, பாம்பு ஹாவு, பசி ஹசிவு என்று பட்டியல் இரண்டு பக்கம் போனது. அப்போ பாக்கெட் ஏன் ஹாக்கெட் ஆகலை என்று மகன் மடக்கினான். ப மாறி முடிந்த பிறகு வந்து சேர்ந்த சொல் அது. சாயங்காலம் பஸ்ஸில் அல்சூர் ஏரிப் பக்கம் போகும்போது போர்டில் 'ஹலசூரு' என்று எழுத்துக்கூட்டியவள் துள்ளினாள். ஹலசு என்றால் பலா. புது ஊரில் இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. பள்ளியில் சேர்த்தாலும் பயன்படும். இங்கே பள்ளிகளில் கன்னடத்தைக் கட்டாய மொழிப்பாடமாக்கும் சட்டம் 2015-லேயே வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை கஸ்தூர்பா ரோடு விஸ்வேஸ்வரய்யா மியூசியம், இன்ஜின் கூடத்தில் இரண்டு மணி நேரம். சனிக்கிழமை லால்பாக் பாறை. 300 கோடி வருடப் பழைய பாறை என்று சொன்னேன். சின்னவள் அதில் சறுக்கி விளையாடினாள், அவ்வளவுதான்.

சட்டம் பற்றிக் கேட்டீர்கள். 2009-ஆம் வருடக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை உள்ளவர்களுக்கானது. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது, சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை என்று அதில் ஒரு பிரிவும் இல்லை. வீட்டுக் கல்விக்கென்று தனி அனுமதியும் அதில் கிடையாது. பத்தாம் வகுப்புக்கு என்ஐஓஎஸ் என்கிற தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. 14 வயது முடிந்திருக்க வேண்டும், ஐந்து பாடம், தமிழை ஒரு பாடமாக எடுக்கலாம், வருடத்துக்கு இரண்டு முறை தேர்வு. இங்கிருந்து ஆன்சைட் என்று கம்பெனி வேலையாக ஜெர்மனிக்குக் கிளம்புகிறவர்கள் இந்தப் பழக்கத்தை நம்பிப் போக வேண்டாம். அங்கே பள்ளிக்கு அனுப்பியே ஆக வேண்டும். சிங்கப்பூரில் தொடக்கப் பள்ளி வயதுப் பிள்ளைக்குக் கல்வி அமைச்சகத்திடம் விலக்கு வாங்கியாக வேண்டும்.

இரவு படுக்கும் முன் ஒரு டைரியில் நாலு வரி எழுதுங்கள், யார் எதைக் கேட்டார்கள், எதைச் செய்தார்கள் என்று. ஊரிலிருந்து மாமனார் போன் பண்ணி "என்னதான் படிக்கிறாங்க?" என்று கேட்கும்போது கையில் எடுத்துக்கொள்ளலாம். ஜூனில் சேர்ப்பதாக இருந்தால் சேர்க்கையை இப்போதே விசாரியுங்கள், பழைய பள்ளியின் டிசி ஒரிஜினலை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். நாங்கள் ஒரு பள்ளியில் கொடுத்து, இடமும் கிடைக்காமல், அதைத் திரும்ப வாங்க ஐந்து நடை நடந்தோம்.